முதல் பாடம்: விழுவது எப்படி? ஜூடோவை உருவாக்கிய ஒல்லி வாத்தியார் ஜிகோரோ கானோவின் கதை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு கராத்தே கிளாஸ் பக்கம் போய்ப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள், வெள்ளை யூனிஃபார்ம், இடுப்பில் மஞ்சள், பச்சை, பிரவுன் பெல்ட். வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்தபடி போன் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்கள். அந்த பெல்ட்டும் வெள்ளை உடையும் கராத்தேவின் சொந்தச் சொத்து இல்லை. ஜூடோவிடமிருந்து வாங்கிக்கொண்டது. அந்த ஜூடோவை உருவாக்கியவர் வாள் பிடித்த சாமுராயும் இல்லை, மலை உச்சியில் தவமிருந்த குருவும் இல்லை. ஸ்கூலில் அடி வாங்கிய ஒல்லிப் பையன். பிற்பாடு பள்ளித் தலைமை ஆசிரியர் ஆனவர். பெயர் ஜிகோரோ கானோ.

1860-ல் ஜப்பானின் மிகாகே என்ற ஊரில் பிறந்தார். இப்போது அது கோபே நகரத்துக்குள் இருக்கிறது. சாகே என்கிற அரிசி மது தயாரிக்கும் வசதியான குடும்பம். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட, அப்பா பையனை டோக்கியோவுக்கு அழைத்துப்போனார். 14 வயதில் ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பில் கானோ கெட்டி. பிரச்னை உடம்பில்தான். வளர்ந்து ஆளான பிறகே அவர் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் என்றால், அந்த வயதில் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எடை 40 கிலோ சொச்சம். ஹாஸ்டலில் பெரிய பையன்களுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்குமா?

பலசாலியை பலமில்லாதவன் சாய்க்க ஒரு வித்தை உண்டு, அதற்குப் பெயர் ஜுஜுட்சு என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டார் கானோ. வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் அது தெரிந்தவர்கள் இருந்தார்கள். போய்க் கேட்டார். ம்ஹூம். இந்தக் காலத்தில் அதெல்லாம் எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1868-க்குப் பிறகு ஜப்பான் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. 1876-ல் சாமுராய்கள் வெளியில் வாள் கட்டக்கூடாது என்றே சட்டம் வந்துவிட்டது. ரயில், தந்தி, கோட்டு சூட்டு என்று ஊரே மேற்கு நோக்கி ஓடும்போது, கை காலைப் பிடித்துத் தூக்கிப்போடும் பழைய வித்தைக்கு என்ன மரியாதை?

17 வயதில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் கானோ வேறு வழியில் தேட ஆரம்பித்தார். எலும்பு வைத்தியர்களைத் தேடினார். வரும்படி இல்லாமல் போன ஜுஜுட்சு ஆசான்கள் நிறைய பேர் எலும்பு கட்டித்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டைக் கழற்றத் தெரிந்த கைக்கு மாட்டவும் தெரியும் இல்லையா? நம்ம ஊர் வர்ம ஆசான்களும் இப்படித்தான். அப்படிக் கிடைத்தவர் ஃபுகுடா ஹச்சினோசுகே. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கேள்வி கேட்டால் தூக்கிப்போடுவார்!

ஃபுகுடாவின் கிளாஸ் எப்படி நடக்கும்? அவர் தூக்கிப்போடுவார். நீங்கள் விழுவீர்கள். எழுந்து, இதை எப்படிச் செய்வது, காலை எங்கே வைப்பது, கையால் எதை இழுப்பது என்று கேட்டால் பதிலாக இன்னொரு தடவை தூக்கிப்போடுவார். மறுபடி கேட்டால் மறுபடி. போடப் போடத் தானாக வரும் என்பதுதான் அவர் கட்சி. கானோவின் உடம்பெல்லாம் காயம், அதன் மேல் களிம்பு. களிம்பு நாற்றத்தை வைத்து காலேஜ் நண்பர்கள் ஓட்டாத நாளில்லை.

ஆனால், அந்தக் கேள்வி கானோவை விடவில்லை. கிளாஸில் அவரைவிடப் பல மடங்கு கனமான ஒரு சீனியர் இருந்தார். எப்படி முயன்றாலும் அந்த ஆளை அசைக்க முடியவில்லை. கானோ சுமோ வீரர்களின் பிடிகளைப் பார்த்தார், அது வேலைக்கு ஆகவில்லை. அப்புறம் மேற்கத்திய மல்யுத்தத்தைப் பற்றிப் படித்தார். எதிராளிக்குக் கீழே நுழைந்து, மூட்டை தூக்குவதுபோல தோள் மேல் ஏற்றி மறுபக்கம் போடும் ஒரு பிடி அதில் இருந்தது. பழகிக்கொண்டு வந்து சீனியரைப் போட்டுவிட்டார். இன்று ஜூடோவில் கட்டா குருமா என்ற பெயரில் இருக்கும் த்ரோ இதுதான். பாரம்பரியம், சுத்தம், எங்கள் குரு பரம்பரை என்றெல்லாம் பிடித்துத் தொங்குகிறவர்களுக்கு நடுவில் ஒரு 18 வயசுப் பையன் லைப்ரரியிலிருந்து த்ரோ எடுத்துவந்தது எனக்கு ரொம்பவே பிடித்த இடம்.

1879-ல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் கிராண்ட் ஜப்பான் வந்தபோது, அவர் முன்னால் ஜுஜுட்சு செய்து காட்டிய குழுவில் கானோவும் இருந்தார். அடுத்த சில நாள்களிலேயே ஃபுகுடா இறந்துபோனார். இரண்டாவது குருவும் 1881-ல் போய்விட்டார். மூன்றாவதாகக் கிடைத்தவர் கிட்டோ ரியு என்ற பிரிவைச் சேர்ந்த ஈகுபோ. ஐம்பதைத் தொட்ட மனுஷர், ஆனால் கானோவால் அவரை ஒரு தடவைகூடப் போட முடிந்ததில்லை. பல வருடம் இப்படியே போனது. திடீரென்று ஒருநாள் குரு விழுந்தார். மறுபடியும் விழுந்தார். அன்றைக்கு கானோவை அவரால் அசைக்கக்கூட முடியவில்லை. என்ன செய்தாய் என்று குருவே விசாரிக்கும் நிலை. கானோ விளக்கினார்: இதற்குமேல் உனக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவுமில்லை என்று ஈகுபோ ஒதுங்கிக்கொண்டார்.

அப்படி என்னதான் விளக்கினார்? ஜூடோவில் குஸுஷி என்பார்கள். நம்ம பாஷையில் நிலைகுலைப்பு. நேராக, ஊன்றி நிற்கும் ஆளைத் தூக்க முயற்சி செய்வது வீண். முதலில் அவர் சமநிலை கலைய வேண்டும், அப்புறம்தான் த்ரோ. கானோ இதைக் கணக்காகவே போட்டுக்காட்டுவார். எதிராளியின் பலம் 10, என் பலம் 7. அவர் தள்ளும்போது நானும் தள்ளினால் தோற்பேன். அவர் தள்ளுகிற திசையிலேயே நான் பின்னால் போய்விட்டால்? மோதுவதற்கு எதுவும் இல்லாமல் அவர் முன்னால் சாய்வார். அந்த நொடியில் அவருக்கு மிச்சமிருப்பது 3. எனக்கு 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதியைச் செலவழித்தாலே போதும். பூட்டியிருக்கிறது என்று நினைத்துக் கதவை வேகமாகத் தள்ளி, அது சட்டென்று திறந்துகொள்ள, நீங்கள் உள்ளே போய் விழுந்த அனுபவம் இருக்கிறதா? அதேதான்.

12 பாய், 9 மாணவர்கள்

1882. கானோவுக்கு 21 வயது. காலேஜ் முடித்த கையோடு ஒரு பள்ளியில் வாத்தியார் வேலை. டோக்கியோவில் ஈஷோஜி என்ற புத்தர் கோயிலில் இடம் பிடித்து சொந்தமாகப் பள்ளி ஆரம்பித்தார். 12 பாய் விரித்த அறை, சுமார் 20 சதுர மீட்டர், அவ்வளவுதான். முதல் வருடம் சேர்ந்தவர்கள் 9 பேர். பெயர் மட்டும் பெரிது. கோடோகன், அதாவது வழியைக் கற்கும் கூடம். கலைக்கும் ஜுஜுட்சு என்ற பழைய பெயரை விட்டுவிட்டு ஜூடோ என்று வைத்தார். இவர்கள் விழுகிற அதிர்ச்சியில் கோயில் தரைப் பலகைகள் பெயர்ந்தன. சந்நிதியில் இருந்த நினைவுப் பலகைகள் விழுந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த குருக்கள் சத்தம் போட்டார். பாடம் முடிந்த பிறகு ராத்திரி விளக்கைப் பிடித்துக்கொண்டு தரைக்கு அடியில் நுழைந்து பலகையை முட்டுக்கொடுத்துச் சரிசெய்வதும் பள்ளி நடத்தும் வேலையில் சேர்ந்துகொண்டது.

இங்கேதான் கானோ தன் குருவிடமிருந்து விலகுகிறார். ஃபுகுடாவிடம் முதல் நாளே தூக்கிப்போடப்பட்டவர், தன் மாணவர்களை முதலில் விழப் பழக்கினார். உகேமி என்று பெயர். இன்றும் உலகத்தின் எந்த ஊர் ஜூடோ கிளாஸில் சேர்ந்தாலும் முதல் சில வாரங்கள் இதுதான். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வது, அப்போதுதான் பின்னந்தலை தரையில் அடிக்காது. கையை நீட்டி ஊன்றாமல் இருப்பது. விழும்போது எல்லோருக்கும் கை தானாக நீளும், உடம்பின் மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும், அங்கேதான் எலும்பு முறிகிறது. அதற்குப் பதிலாக உடம்பை உருட்டி, முழுக்கையையும் பாயில் அறைந்து, வேகத்தைப் பரப்பிவிட வேண்டும். யோசித்துப் பார்த்தால், வாழ்க்கையில் நம்மில் எத்தனை பேர் தெருச் சண்டையில் மாட்டப்போகிறோம்? ஆனால் பாத்ரூமிலோ படிக்கட்டிலோ வழுக்காத ஆள் உண்டா? தற்காப்பில் அதிகம் பயன்படப்போவது இந்தப் பாடம்தான் என்பது என் எண்ணம். ஒன்று, இதை வீடியோ பார்த்து ஹால் டைல்ஸில் முயற்சி பண்ணிவிடாதீங்க. மேட் வேண்டும், பக்கத்தில் தெரிந்த ஆள் வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் அன்றைக்குப் பெரிய கலகம். பழைய ஜுஜுட்சுவில் விரலை முறிப்பது, கண்ணில் குத்துவது, மர்ம இடத்தில் அடிப்பது என்று பயங்கரமான வித்தைகள் உண்டு. ரகசியச் சுருளில் எழுதி, தகுதியான சீடனுக்கு மட்டும் கொடுப்பார்கள். ஆனால் இவற்றை யார் மேல் பழகுவது? நண்பன் கண்ணையா குத்த முடியும்? அதனால் மெதுவாக, ஒருவர் ஒப்புக்கொண்டு நிற்க, மற்றவர் செய்து காட்டும் நாடகமாகவே அந்தப் பயிற்சி நின்றுவிடும். கானோ பிரித்தார். ஆபத்தான அடிகளை கட்டா எனப்படும் முறைப்படுத்திய பயிற்சிக்குள் வைத்தார். பாதுகாப்பாகச் செய்யக்கூடியவற்றை மட்டும் எடுத்து, இரண்டு பேரும் நிஜமாகவே ஜெயிக்க முயலும் ரண்டோரி என்ற பயிற்சிக்குக் கொடுத்தார். ஒன்று இலக்கணம் படிப்பது, இன்னொன்று சொந்தமாகக் கட்டுரை எழுதுவது. வாத்தியார் இல்லையா, உதாரணமும் அப்படித்தான் வரும். பிடி இறுகினால் கையால் இரண்டு தட்டு தட்டலாம். தட்டிய நொடியில் விட்டுவிட வேண்டும், பேச்சே கிடையாது.

பல்லைப் பிடுங்கிவிட்டார், இனி இது சண்டையே இல்லை என்று பழைய பள்ளிக்காரர்கள் சிரித்தார்கள். 1880-களின் நடுவில் டோக்கியோ போலீஸ் துறை நடத்திய போட்டிகளில் இரண்டு தரப்பும் மோதின. கோடோகன் பையன்கள் பெரும்பாலானவற்றில் ஜெயித்தார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். எதிர்க்கிற ஆளோடு தினமும் முழு வேகத்தில் மோதிப் பழகியவர்கள் அவர்கள்தான். காயம் குறைவு என்பதால்தான் தினமும் மோத முடிந்தது. அந்தக் குழுவில் சைகோ ஷிரோ என்று ஒரு குட்டை மனிதர் இருந்தார். அவரை மாதிரியாக வைத்து ஒரு நாவல் வந்தது, அதைத்தான் அகிரா குரோசாவா 1943-ல் தன் முதல் படமாக எடுத்தார். 'சன்ஷிரோ சுகாடா'.

இந்த ஒரு விஷயத்துக்காகவே கானோவை இன்றைக்குப் பேச வேண்டியிருக்கிறது. ரீல்ஸைத் திறந்தால் 30 செகண்டில் தற்காப்பு. கையைப் பிடித்தால் இப்படித் திருப்பு, கழுத்தைப் பிடித்தால் அப்படி முட்டு. பிடிக்கிற ஆள் சிலைபோல நிற்கிறார், திருப்பியதும் சமர்த்தாக விழுகிறார். உங்கள் ஆபீஸில் நடக்கும் ஒருநாள் வொர்க்‌ஷாப்பும் பெரும்பாலும் இதே ரகம்தான். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை, ஆனால் அது கையில் வந்துவிட்டது என்று நம்புவதுதான் ஆபத்து. பிடித்தவர் விடமாட்டேன் என்று இழுக்கும்போது, மூச்சு வாங்கும்போது, பயத்தில் விரல் நடுங்கும்போது செய்ய வருகிறதா என்பதுதான் பரீட்சை. எந்தக் கலையோ, கிளாஸில் சேரும் முன் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எதிர்க்கிற ஆளோடு பயிற்சி நடக்கிறதா? தட்டினால் உடனே விடுகிறார்களா? புதிதாக வந்தவரை சீனியர் பார்த்துப் பக்குவமாகப் போடுகிறாரா, பந்தாடுகிறாரா? உங்கள் கேள்விக்கு மாஸ்டர் பதில் சொல்கிறாரா, ஃபுகுடா மாதிரி இன்னொரு தடவை தூக்கிப்போடுகிறாரா?

பெல்ட் கதைக்கு வருவோம். வெள்ளை பெல்ட்டைத் துவைக்காமலே கட்டி, அது அழுக்கேறிக் கறுப்பானதுதான் பிளாக் பெல்ட் என்று ஒரு கதை சுற்றுகிறது. கதைதான். கோ என்ற பலகை விளையாட்டில் திறமைக்கு 'டான்' என்று படிநிலை கொடுக்கும் வழக்கம் ஜப்பானில் ஏற்கெனவே இருந்தது. கானோ அதை எடுத்து 1883-ல் இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். கறுப்பு பெல்ட் சில வருடம் கழித்து வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சையெல்லாம் ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோது சேர்ந்தவை. 1922-ல் ஒகினாவாவிலிருந்து வந்த ஃபுனகோஷி கிச்சினை கோடோகனுக்கு அழைத்து கராத்தேவைச் செய்துகாட்டச் சொன்னவரும் கானோதான். அங்கிருந்துதான் உடையும் பெல்ட்டும் கராத்தேவுக்குப் போயின.

கோடோகன் தோற்றதும் உண்டு. 1900 வாக்கில் தனாபே மதாயெமோன் என்ற ஜுஜுட்சு வீரர் இவர்களைத் தரையில் படுக்கவைத்துப் பூட்டுப் போட்டே திணறடித்தார். நின்றபடி தூக்கிப்போடப் பழகியவர்களுக்குத் தரைச் சண்டை வரவில்லை. கோபித்துக்கொள்ளாமல் கோடோகன் அதையும் படித்தது. கோடோகனிலிருந்து 1904-ல் வெளிநாடு கிளம்பிய மயேடா மிட்சுயோ கடைசியில் பிரேசிலில் தங்கினார். அங்கே அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. மீதி உங்களுக்கே தெரியும். அந்தக் குடும்பத்து ராய்ஸ் கிரேசி 1993-ல் முதல் யுஎஃப்சி போட்டியில் தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தரையில் வைத்துத் தட்டவைத்தார்.

இத்தனைக்கும் நடுவில் கானோவின் முழுநேர வேலை வாத்தியார் வேலைதான். ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் கல்லூரிக்கு 20 வருடங்களுக்கு மேல் தலைவர். சீனாவிலிருந்து வந்த மாணவர்களுக்காகத் தனிப் பள்ளி நடத்தினார், எழுத்தாளர் லூ சுன் அங்கே படித்தவர். 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் ஆசியாவின் முதல் உறுப்பினர் ஆனார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸுக்கு ஜப்பானின் முதல் அணியை அழைத்துப்போனார். அணி என்றால் இரண்டே வீரர்கள். அதில் கனகுரி ஷிஸோ வெயில் தாங்காமல் மாரத்தானின் பாதியில் யாரிடமும் சொல்லாமல் விலகிப்போய், 1967-ல் திரும்பவும் அழைக்கப்பட்டு அந்த ஓட்டத்தை முடித்துவைத்தார். 54 வருடம் சொச்சம்!

நம்ம நாட்டுக்கும் ஒரு நூல் உண்டு. தாகூர் கேட்டுக்கொண்டபடி 1929-ல் கோடோகன் ஆசிரியர் தகாகாகி ஷின்ஸோ சாந்திநிகேதன் வந்து ஜூடோ கற்றுக்கொடுத்தார். பெண்களும் கற்றார்கள். அங்கே ஜூடோ பழகியவர்களில் ஒருவர் அமிதா சென், நோபல் பரிசு பெற்ற அமர்த்திய சென்னின் அம்மா.

கடைசிக் காலத்தில் கானோவின் கனவு டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ். 1936-ல் நடந்த வாக்கெடுப்பில் 36-க்கு 27 என்று ஹெல்சின்கியைத் தாண்டி 1940 ஒலிம்பிக்ஸ் டோக்கியோவுக்குக் கிடைத்தது. அடுத்த வருடமே ஜப்பான் சீனாவோடு போரில் இறங்கிவிட்டது. தள்ளுகிற ஆளுக்கு வழிவிடச் சொல்லிக்கொடுத்தவரின் நாடு எல்லோரையும் தள்ளிக்கொண்டிருந்தது. 77 வயதில் அவர் கெய்ரோ வரை போய், வாய்ப்பு கைவிட்டுப் போகாமல் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வழியில் ஹிகாவா மாரு கப்பலில் நிமோனியா. 1938 மே 4-ம் தேதி, கப்பல் யோகோஹாமா போய்ச் சேர இரண்டு நாள் இருக்கும்போது உயிர் பிரிந்தது. ஜூலையில் ஜப்பான் ஒலிம்பிக்ஸைக் கைவிட்டது. அந்தக் கப்பல் இன்றும் யோகோஹாமா கரையில் மியூசியமாக நிற்கிறது.

டோக்கியோவுக்கு ஒலிம்பிக்ஸ் வர 1964 ஆனது. அப்போதுதான் ஜூடோவும் ஒலிம்பிக்ஸில் நுழைந்தது. எடை வரம்பில்லாத பிரிவின் ஃபைனலில், சொந்த மண்ணில், நெதர்லாந்தின் அன்டோன் ஹேசிங்க் ஜப்பானின் கமினாகாவை ஜெயித்தார். அரங்கமே வாயடைத்து நிற்க, சந்தோஷத்தில் மேட்டுக்குள் ஓடிவந்த தன் நாட்டுக்காரரைக் கையை நீட்டித் தடுத்து நிறுத்தினார் ஹேசிங்க். பிறகு எழுந்து நின்று முறைப்படி வணங்கினார்.

ஆனால் 1964 போட்டியில் பெண்கள் இல்லை. 1992 வரை இல்லை, 1988-ல் ஒரு வெள்ளோட்டம் மட்டும். இந்த இடத்தில் கானோவைக் கொஞ்சம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். 1893-லேயே பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தவர் அவர். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. 1926-ல் கோடோகனில் பெண்கள் பிரிவும் வந்தது. ஆனால் பெண்கள் தனியாகப் பழக வேண்டும், போட்டி கூடாது, கட்டாவே அவர்களுக்குப் போதும் என்ற ஏற்பாடு. மோதிப் பழகினால்தான் கலை கையில் வரும் என்று உலகத்துக்கே நிரூபித்த பள்ளி, தன் மாணவிகளுக்கு மட்டும் மோதலை மறுத்தது. பெண்களின் கறுப்பு பெல்ட்டில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு வேறு. இந்த மனப்பான்மை கடல் தாண்டியும் இருந்தது. 1959-ல் நியூயார்க் மாநிலப் போட்டி ஒன்றில் ரஸ்டி கனோகோகி ஆண் வேடத்தில் இறங்கி ஜெயித்தார். பெண் என்று தெரிந்ததும் மெடலைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1980-ல் முதல் பெண்கள் உலக ஜூடோ சாம்பியன்ஷிப் நியூயார்க்கில் நடக்கக் காரணமாக இருந்தவர் அவர்தான்.

அந்தப் பெண்கள் பிரிவில் 1935-ல் சேர்ந்த ஒருவரை கானோவே அழைத்துச் சேர்த்துக்கொண்டார். பெயர் ஃபுகுடா கெய்கோ. களிம்பு நாறும் காலத்தில் கானோவைத் தூக்கித் தூக்கிப் போட்ட அதே ஃபுகுடாவின் பேத்தி. உயரம் ஐந்தடிக்கும் குறைவு, எடை 45 கிலோ வராது. கல்யாணம் செய்தால் ஜூடோவை விட வேண்டும் என்ற நிலை வந்தபோது கல்யாணத்தை விட்டார். பெண்களுக்கு இதற்குமேல் கிடையாது என்று ஐந்தாவது டானிலேயே வருடக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். 1970-களில்தான் ஆறாவது டான் கிடைத்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் குடியேறி அங்கேயே கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 2011-ல் அமெரிக்க ஜூடோ சம்மேளனம் அவருக்குப் பத்தாவது டான் கொடுத்தது, அந்த உயரத்தை எட்டிய முதல் பெண். அப்போது அவருக்கு வயது 98. 2013-ல் இறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை, மேட் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாணவிகளின் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார்.